கோட்டையை உடைக்கப் போன பூசணிக்காய்

பூசணிக்காய் மேலே போனது. முன்னால் போகவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையில் எல்லோரும் வாயைத் திறந்தபடி வானத்தைப் பார்த்தோம்.

கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜில் லொறி ஸ்பிரிங் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். போன வருடம் ஒரு சரித்திர நாடகத் தொடருக்குப் பாதுகாப்பு பார்க்கக் கூப்பிட்டார்கள். போர்த்துக்கேயர் கோட்டையை நம் அரசன் கல்லெறி பொறியால் உடைக்கும் காட்சி. பொறியைச் செய்தவன் என் பழைய கராஜ் மெக்கானிக் நவ்பர்: தென்னங்குற்றி, கழித்துப்போட்ட ஸ்பிரிங், கயிறு. ஒருவர் காயப்பட்டாலும் படப்பிடிப்பை நிறுத்திவிடுவார்கள். கடற்கரைக்கு அனுமதியோ அந்த ஒரு நாளுக்குத்தான்.

“அங்கிள், ராசா காலத்தில இதாலதான் கோட்டை பிடிச்சவங்கள்,” என்றான் இயக்குநர் பிரசாந்.

“கோட்டையை விடும் தம்பி, இது ஒரு குரும்பையையும் விழுத்தாது. ஸ்பிரிங் களைச்சுப்போச்சு.”

“மாஸ்டர் லொறி ஹோன் அடிச்சாலே பின்னுக்குப் பாயிற ஆள்,” என்று நவ்பர் சிரித்தான்.

கல் வைக்க நான் விடவில்லை. கண்ணூறு கழிக்க உடைப்பதற்கென்று குங்குமம் நிறைத்த நீற்றுப்பூசணி ஒன்று இருந்தது.

“இதையே எறிவம். கண்ணூறும் கழியும், கோட்டையும் உடையும்!” என்றான் பிரசாந்.

ஆபத்து முன்பக்கம்தானே? எல்லோரையும் பொறிக்குப் பின்னால் வரச் சொல்லிக் கத்தினேன். முப்பத்துமூன்று பேர் வந்தார்கள். போர்த்துக்கேயராக நடித்த எட்டுப் பேர் மட்டும் அசையவில்லை.

“போங்கோ ஐயா, கோட்டைக்குள்ளதான் நிழல் இருக்கு.”

“செத்தால் என்னைக் கேக்காதேங்கோ!”

கயிற்றை விட்டார்கள்.

“எங்க போச்சு?”

“மேல!”

“இன்னும் மேலயா?”

“இல்ல, வருது! வருது! ஓடுங்கோ!”

நேரே வந்து பொறியின் மீதே விழுந்து வெடித்தது. தென்னங்குற்றி இரண்டாகப் பிளந்தது. மிச்ச வேலையைக் கடற்காற்று பார்த்துக்கொண்டது. காயப்பட்டவர்களை எண்ணத் தொடங்கினேன். முப்பத்துமூன்று பேரும் தலை முதல் கால்வரை சிவப்பு. யாருக்கு இரத்தம், யாருக்குக் குங்குமம்? ஒவ்வொருவராகத் தடவிப் பார்த்தேன். எல்லாம் குங்குமம். அரசரின் மீசையிலிருந்து பூசணி விதை ஒன்றை எடுத்துவிட்டேன்.

கோட்டைக்குள்ளிருந்து எட்டுப் பேரும் மாசுமறுவில்லாமல் வெளியே வந்தார்கள்.

“ஐயா, இப்ப நாங்க வெண்டிட்டமோ?”

பிரசாந் மணலில் புரண்டு சிரித்தான். கமரா ஓடிக்கொண்டே இருந்ததாம். தொடரில் அன்று போர்த்துக்கேயர்தான் வென்றார்கள்.

அந்தப் பொறி கோட்டையை உடைக்கும் என்று நான் ஒருபோதும் நம்பவில்லை. முன்னால் போகும் என்று மட்டும் நம்பிவிட்டேன். இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன்: கையில் அகப்பட்டதைக் கட்டி ஆயுதம் என்று யாராவது கொண்டுவந்தால், தயங்காமல் எதிரிப் பக்கம் போய் நில்லுங்கள்.