என் அளவு டேப்பில் வந்த குரல்

நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள்.

சாயங்காலம் என் இரும்பு அளவு டேப்பைத் தேடினேன். சிங்கப்பூர் சுங்கை காடுட் வேலையிலிருந்து வந்த மகள் செல்வி, அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குழாயில் மாட்டி, தோட்டத்துத் திடலில் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறாள்!

“அடிப்பாவி, என் டேப்பு!”

“ஆண்டெனாப்பா இது. மேல சேட்டிலைட் போவுது, பத்தே நிமிசம். அது வழியா வேற ஊரு ஆளுங்களோட பேசலாம். பேசாம நில்லுங்கலா.”

மறுகையிலிருந்த ரேடியோவில் அவள் கூப்பிட்டாள். வானத்துச் சேட்டிலைட் வழியாக எங்கோ ஓர் ஆள் எழுத்தும் எண்ணுமாகத் தன் அடையாளத்தைச் சொன்னார். எனக்குப் புல்லரித்துவிட்டது.

செல்வி பதறினாள். “ஐயோ, என்னா சொன்னாரு? அவரு அடையாளத்த சரியா திருப்பிச் சொல்லாட்டி இந்தப் பேச்சு கணக்குல சேராதுப்பா! ரெண்டு மாசமா இதுக்குத்தான் அலையுறேன்.”

இரண்டு கையிலும் சாமான். எழுதவும் வழியில்லை.

நான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய, எழுத்தே தெரியாத மண்டோர். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, எண்பது பேரின் நம்பரையும் மனத்திலிருந்தே கூப்பிட்டவன். கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்தேன். அவள் அதையே சொல்ல, மேலிருந்து “கரெக்ட்” என்று பதில் வந்தது.

செல்வி வாய் பிளந்து என்னையே பார்த்தாள்.

இப்போது அடுத்த ஆண்டெனாவுக்கு இன்னொரு டேப்பு வேண்டுமாம். உங்கள் வீட்டு டேப்பு பத்திரமாக இருக்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள்.