வெளிப்பக்கம் திறக்கும் கதவு

என் மேசையில் பழைய கீல் ஒன்று இருக்கிறது. கதவையும் நிலையையும் சேர்த்துப் பிடிக்கும் சாதாரண இரும்புக் கீல்தான். ஓரமெல்லாம் துரு. ஒரு துளையில் பாதி முறிந்த திருகாணி இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. மின்விசிறிக் காற்றில் விண்ணப்பங்கள் பறக்காமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். வருகிறவர்கள், "ஏன் மேடம், நல்லதா ஒரு பேப்பர் வெயிட் வச்சுக்கிறக் கூடாதா?" என்று கேட்பார்கள். சிவகாசியில் பேப்பர் வெயிட்டுக்கா பஞ்சம்? புத்தாண்டுக்கு அச்சகத்துக்கு ஒன்று வீதம் காலண்டரோடு சேர்ந்து வந்துவிடும். நான் சிரித்து வைப்பேன். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கதை சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. ஆனால் போன வாரத்திலிருந்து அந்தக் கீல் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எழுதிவிட்டால் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று தோன்றுகிறது.

பட்டாசுக் கம்பெனி ஒன்றின் அறக்கட்டளையில் நெடுநாளாக வேலை பார்க்கிறேன். முதியோர் இல்லங்களில் இருந்து வரும் விண்ணப்பங்களைப் படிப்பது, நேரில் போய்ப் பார்ப்பது, எதற்கு உதவலாம் என்று முதலாளிக்கு எழுதித் தருவது, இதுதான் வேலை. கேட்க நல்ல வேலையாகத் தெரியும். இத்தனை ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது, கொடுக்கிறவர்களுக்குக் கண்ணில் படுகிற பொருள் வேண்டும் என்பதுதான். பெரிய டிவி, குளிர்ந்த குடிநீர் இயந்திரம், கூடம், கூடத்துக்கு மேடை. ரிப்பன் வெட்ட முடிய வேண்டும், கிரானைட் பலகையில் பெயர் பொறிக்க முடிய வேண்டும். கழிவறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கைப்பிடிக் கம்பி போடலாம் என்றால் முகம் வாடிவிடும். கம்பியில் பெயர் எழுத எங்கே இடம்? அவர்களை மட்டும் சொல்லி என்ன, நானும் காலப்போக்கில் எது தேறுமோ அதை மட்டும் எழுதக் கற்றுக்கொண்டேன்.

வெம்பக்கோட்டை போகும் வழியில், கருவேலங்காட்டை ஒட்டி இருந்த ஓர் இல்லத்தில்தான் போர்மேன் ஐயாவைப் பார்த்தேன். அங்கே முப்பத்தோரு பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். ஐயா நாற்பது வருடம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். மனைவி இல்லை, மகன் திருப்பூரில். மெலிந்த உடம்பு, இடது காதில் கேட்காது. இல்லத்தில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் செருப்பை வெளியே விட்டு, நிலையை உள்ளங்கையால் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் போவார். நான் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது. ஆலையில் வெடிமருந்து அறைக்குள் போகுமுன் உடம்பில் உள்ள மின்சாரம் இறங்க வாசலில் பதித்திருக்கும் தகட்டைத் தொட வேண்டும். அந்தக் கைப்பழக்கம் அவரை விடவில்லை. இன்னொரு பழக்கமும் இருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்ததும் ஆள் எண்ணுவார். பட்டாசு செய்யும் ஷெட்டில் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணியது போலவே, உதடு மட்டும் அசையும். எண்ணி முடித்தபிறகுதான் இலையைப் பார்ப்பார். யாராவது பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடாத நாளே கிடையாது என்பதால், "இன்னைக்கு ஆரு பெறந்தாக?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரை வியாதிக்காரர்கள் முன்னால் குவிந்திருக்கும் கேசரியைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

அந்த வருடம் முதலாளிக்கு நல்ல சீசன். இந்த இல்லத்துக்குப் பெரிதாக ஏதாவது செய்வோம், என்ன வேண்டும் என்று அங்கே இருப்பவர்களிடமே கேட்டு வா என்றார். நோட்டும் பேனாவுமாய்க் கட்டில் கட்டிலாகப் போனேன். "எங்களுக்கு என்னம்மா கொறை, நல்லா வச்சிருக்காக" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். போர்மேன் ஐயா மட்டும் எழுந்து என்னைக் கழிவறைக்குக் கூட்டிப்போனார். எனக்குச் சங்கடமாக இருந்தது. அவர் கதவை உள்ளே தள்ளிக் காட்டினார்.

"இப்ப நா உள்ள விளுந்துட்டேன்னு வைங்க தாயி. இம்புட்டு எடத்துல கதவு மேலதான விளுவேன்? நீங்க எப்படித் தெறப்பீக? கீலும் உள்பக்கம் கெடக்கு, கழட்டவும் முடியாது. எங்க ஷெட்டுல எந்தக் கதவாச்சும் உள்ளுக்குத் தெறந்து பாத்திருக்கீகளா? ஓடத் தெம்பு இருக்கவனுக்கு நாலு கதவு, நாலும் வெளிய. ஓட முடியாத எங்களுக்கு ஒத்தக் கதவு, அதுவும் உள்ளுக்கு."

ஆறு கழிவறை, ஆறு கதவு. எல்லாவற்றையும் வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம் என்றார். எழுதிக்கொண்டேன்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர், இதை எங்கேயும் சொல்வேன். "நாளெல்லாம் ஷெட்டுல கெடந்து ஓஞ்சவுகம்மா. கடைசிக் காலத்துல ஒரு வீட்டுல இருக்கணும்னுதான அங்கன வந்திருக்காக. அவுகளுக்குப் போயி ஷெட்டுக் கதவு மாட்டச் சொல்றீகளே" என்றார். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் வெளியே திறக்கும் கதவு என்றால் அது வெடித்தால் ஓடுவதற்கான கதவு. வீட்டுக்கதவு உள்ளேதான் திறக்க வேண்டும். என் அம்மாவும் ஷெட்டில் திரி வெட்டியவள். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இறங்கி வந்து, வீட்டுக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டபிறகுதான் அவளுக்கு மூச்சே சீராகும். அதனால் முதலாளி சொன்னது எனக்குச் சரியென்றே பட்டது. கூடம் என்று எழுதினேன். பக்கத்தின் அடியில், 'கழிவறைக் கதவுகள், அடுத்த ஆண்டு பார்க்கலாம்' என்று என் கையால் எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை.

கூடம் எட்டு மாதத்தில் எழுந்துவிட்டது. திறப்பு விழா அன்று காலை ஒன்பது மணிக்கே எல்லோரையும் குளிக்கவைத்து, பெண்களுக்குப் புதுச் சேலை உடுத்தி, நாற்காலிகளில் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். சுவரில் பெரிய டிவி, அதற்குக் கீழே சின்னத் திரைச்சீலைக்குப் பின்னால் கிரானைட் பலகை. முதலாளி வந்து சேரப் பத்தரை ஆயிற்று. அவர் பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் போர்மேன் ஐயா எழுந்து நின்றார். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். "முப்பதுதான் இருக்கு. ஒண்ணு கொறையுது" என்றார். ஒரு காது கேட்காதவர், அதனால் குரல் கூடுதலாகவே வந்தது. புகைப்படக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்து, உட்காருங்கள் என்று சைகை செய்தேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். திரைச்சீலை விலகி, கைதட்டி, நன்றியுரை முடியக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது.

குறைந்த ஒருவர் சாத்தூர் அம்மா. சாத்தூரிலிருந்து வந்ததால் அந்தப் பெயர், தனியாக நடமாடிக்கொண்டிருந்த சிலரில் ஒருவர். படம் எடுக்கும்போது எழுந்து போகக் கூடாதே என்று முன்னதாகக் கழிவறைக்குப் போயிருக்கிறார். நாங்கள் போனபோது கதவு இரண்டு விரல்கூட நகரவில்லை. உள்ளே அவர் கதவோடு கதவாகச் சாய்ந்து கிடந்தார். தள்ளினால் முனகல் வந்தது. வார்டன் அம்மா பதறிப்போய் மறுபடி தள்ளக் கை வைத்தார். போர்மேன் ஐயா அவரை விலக்கிவிட்டு, ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்து, கதவுக்கடியில் இருந்த இடுக்கில் வாயை வைத்துப் பேசினார். "ஏத்தா, நா இங்கனதான் இருக்கேன். அசையாம கெட. கதவ ஒருத்தரையும் தொட விடமாட்டேன்." கேட்கிற காதை இடுக்கில் வைத்தார். எங்களுக்கே உள்ளிருந்து வந்த குரல் கேட்டது. "போட்டோ எடுத்துட்டாகளா? எனக்காக எல்லாரும் காத்துக்கிட்டா இருக்காக?" என்றது அந்தக் குரல். கதவின் மேல்பாதியை அறுத்து எடுத்து, உள்ளே ஓர் ஆளை இறக்கி அவரைத் தூக்கும்வரை ஐயா அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. பின்னால் கழுத்து மாலையோடு முதலாளி நின்றுகொண்டிருந்தார். நான் எங்கே நின்றேன் என்று எனக்கு நினைவில்லை.

சாத்தூர் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தார், ஆனால் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. தை பிறப்பதற்குள் போய்விட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விழா முடிந்த மறுநாள் காலையிலேயே முதலாளி கம்பெனி ஆசாரியை அனுப்பிவிட்டார். ஷெட்டுகளுக்குக் கதவு செய்கிற அதே ஆசாரி. நிலைகளைச் செதுக்கி, கீல்களை வெளிப்பக்கம் மாற்றி, ஆறு கதவையும் திருப்பிப்போட அவருக்கு இரண்டு நாள்தான் பிடித்தது. நான் அடுத்த ஆண்டுக்குத் தள்ளியது இரண்டு நாள் வேலை. பலகை எதுவும் வைக்க வேண்டாம் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நான் அங்கே போனபோது போர்மேன் ஐயா கழற்றிப்போட்ட கீல்களைச் சாக்கில் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கதவையும் வெளியே இழுத்துப் பார்த்து, சாத்தி, மறுபடி இழுத்தார். அவர் திட்டட்டும் என்று பக்கத்தில் போய் நின்றேன். சாக்கிலிருந்து ஒரு கீலை எடுத்து என் கையில் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியாது. கையில் இருந்தது, கொடுத்துவிட்டார், அவ்வளவுதானோ என்னவோ. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நீங்க வெரல வச்சதும் நானும் உக்காந்துட்டேன் பாருங்க தாயி. நாப்பது வருசத்துல கணக்கு கொறைஞ்சு நா உக்காந்ததே இல்ல" என்றார். அவர் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் பஸ்ஸேறி வீட்டுக்கு வந்து அழுதேன்.

போர்மேன் ஐயா அதற்குப் பின் இரண்டு மழைக்காலம் இருந்தார். பந்தியில் எண்ணுவதை மட்டும் விடவில்லை. நான் எந்த இல்லத்துக்குப் போனாலும் இப்போது நேரே கழிவறைக்குத்தான் போகிறேன். என் காதுபடவே 'கதவு மேடம்' என்று கேலி பேசுகிறார்கள், பேசட்டும். பல இடங்களில் கதவுகளைத் திருப்பியாகிவிட்டது. முதலாளி இப்போது மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போடுகிறார். ஆனாலும் புதிதாக வரும் விண்ணப்பங்களில் டிவியும் கூடமும்தான் இருக்கின்றன. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. அலுத்துப்போகிறது.

ஊரெல்லாம் கதவைத் திருப்பிய எனக்கு என் வீட்டுக் கதவைத் திருப்ப முடியவில்லை. அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. கால் தள்ளாடுகிறது. குளியலறைக்குப் போனால் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொள்வாள். கதவை மாற்றலாம் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "இது வீடா, ஷெட்டா? நா கண்ண மூடுன பெறகு மாத்திக்க" என்றாள். அவளுக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று எனக்குத் தெரியும், அதனால் மேலே வற்புறுத்தவில்லை. அவள் உள்ளே போனால் நான் வெளியே நின்றுகொண்டிருப்பேன். "என்னடி, கதவுகிட்ட நிக்கிற? உசுரோடதான் இருக்கேன், போ" என்று சத்தம் வரும். போன வாரம் உள்ளே ஏதோ விழுந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தள்ளுவதற்குக் கையைத் தூக்கியவள் தூக்கியபடியே நின்றேன். தள்ளக் கூடாது என்றது கை. என்னையறியாமல் தரையில் உட்கார்ந்து இடுக்கில் வாயை வைத்திருந்தேன். விழுந்தது வாளி. சோப்பு நுரை முகத்தில் இருந்ததால் அம்மா பேசவில்லை. வெளியே வந்தவள் தரையில் கிடந்த என்னைப் பார்த்து, "ஒனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

இன்று கிளம்பும்போது விண்ணப்பங்களின் மேல் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, கீலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். எந்த அளவில் வேண்டும் என்று ஆசாரிக்குக் காட்ட வேண்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.