குறையாத புகை

பிழையான எண் ஒன்று ரஞ்சினிக்கு முன்னால் வந்தால் அந்த எண்ணுக்கு வியர்க்கும். நான் கண்ணால் கண்டது. நம்பாதவர்கள் மெல்பேர்னில் மல்கிரேவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு விமானக் கம்பெனி அலுவலகத்தில், எந்த விமானம் எவ்வளவு எண்ணெய் குடித்தது, எவ்வளவு புகை கக்கியது என்று கம்ப்யூட்டரில் கணக்கெடுப்பதுதான் அவளுடைய வேலை. நிரந்தரமில்லை, இந்தக் கதை நடந்த மாத முடிவோடு ஒப்பந்தம் முடியவிருந்தது. முன்பு ஒன்பது மாதம் வேலை தேடி அலைந்ததில், மெல்பேர்ன் பஸ் டிரைவர்கள் எல்லோருமே அவளிடம் சுகம் விசாரிக்கும் அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

2012 அது. புகைக்கு அரசாங்கம் கணக்குக் கேட்ட காலம். அந்த வருட அறிக்கையில் கம்பெனியின் புகை நூற்றுக்கு இரண்டு வீதம் குறைந்திருந்தது. மேலாளர் சடகோபன், சென்னைக்காரர், கால் தரையில் படாமல் நடந்தார். வியாழக்கிழமை அதை இயக்குநர்கள் முன் வைக்கவேண்டும்.

ரஞ்சினிக்கு மட்டும் உறுத்தியது. பறந்த தூரம் குறையவில்லையே? விமான நிலையம் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். வடக்கே ஒரு நிலையத்தில் மட்டும் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே எண்ணெய் நிரப்புகிறவருக்குப் போன் எடுத்தாள். எண்ணெய்க் கணக்கைப் பதியும் புதுக் கைக்கருவி வந்ததிலிருந்து, விமானி கேட்கிற கிலோவை அப்படியே அதில் தட்டிவிடுவதாக அவர் சொன்னார். ஒரு லீற்றர் எண்ணெய் ஒரு கிலோ வராது; கம்ப்யூட்டரோ அதை லீற்றர் என்று நினைத்து, கிலோவாக மாற்றுவதற்காக ஐந்தில் ஒரு பங்கை வெட்டியிருக்கிறது.

நேரே சடகோபனிடம் போனாள்.

"சேர், அந்தப் புகை குறையேல்லை."

"என்ன ரஞ்சினி, குண்டைத் தூக்கிப் போடுறீங்க? சிஸ்டமே சொல்லுதே!"

"சிஸ்டத்தின்ர கதையைப் பாத்தா, அந்த விமானங்கள் காத்தைக் குடிச்செல்லோ மிச்சத் தூரம் பறந்திருக்குது."

சடகோபனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "ஆடிட்டரே கண்டுபிடிக்கல. அடுத்த வருஷம் திருத்திக்கலாம். உங்க கான்ட்ராக்ட்டை நீட்டிக்கிற லெட்டர் என் டேபிள்லதான் இருக்கு, ஞாபகம் இருக்கில்ல?"

"ஓம் சேர். ஆனா அறிக்கை தயாரிச்சது எண்டு கீழ என்ர பேரெல்லோ கிடக்குது. இப்பிடியே விட்டுட்டுப் போகமாட்டன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் ஒரு விமானம் சிட்னிக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

"சரி, திருத்துங்க. திட்டு வாங்க நான் இருக்கேன்."

திருத்திய அறிக்கையில் புகை குறையவில்லை, இம்மியளவு கூடியிருந்தது. வியாழக்கிழமை யாரும் கைதட்டவில்லை. மற்ற நிலையங்களில் கிலோவையா லீற்றரையா தட்டுகிறார்களாம் என்று ஓர் இயக்குநர் கேட்டார். அதைத் தேடிப் பிடிக்கத்தான் ரஞ்சினிக்கு இன்னும் ஆறு மாதம் கிடைத்தது. நிரந்தரம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கிலோவா லீற்றரா என்று சொல்லாவிட்டால் கைக்கருவி அடுத்த பக்கத்துக்குப் போகாதபடி முதலில் மாற்றுவித்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கே போன் அடித்தது. பின்னால் எஞ்சின் இரைச்சல், முன்னால் கருவி நகரவே மாட்டேனென்கிறது என்று நல்ல வசை. எண்ணெய் நிரப்புகிற அந்த ஆள் மூச்சு வாங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, எந்த நிலையம், இதுவரை எதைத் தட்டினார் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.