தண்ணீர் முறைக்கு வந்த ஆண்பிள்ளை

பங்குனி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணி. காற்று அசையாத வெயில். பாகூர் ஏரித் தண்ணீர் எங்கள் வயலுக்குத் திரும்ப வேண்டிய முறை அன்று. அப்பா மஞ்சள்காமாலையில் படுத்திருந்தார். முறை வரும்போது வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் மடையில் வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும் என்பது ஊர் வழக்கம். நெல் பால்பிடிக்கும் பருவம். இந்த முறை தவறினால் அத்தனையும் பதர்தான்.

அக்கா அப்போது பதினொன்றாம் வகுப்பு. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏழு வயதான என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மடையருகே ஆறு பேர் நின்றார்கள்.

“இன்னாடி, நீ வந்து நிக்கிற? வூட்ல ஆம்பள இல்லியா?” என்றார் முறை பார்க்கும் பெரியவர்.

“ஏன் இல்ல? இதோ இருக்கான்” என்று அக்கா என்னை முன்னால் நிறுத்தினாள்.

“இவனா! டவுசரே இடுப்புல நிக்கல இவனுக்கு.”

ஆறு பேரும் சிரித்தார்கள்.

“டவுசர் நிக்கணும்னு முறையில இல்ல மாமா. ஆம்பள நின்னா போதும். நிக்கிறான் பாருங்க. தெறந்து வுடுங்க.”

சிரிப்பு அடங்கியது. “வாயப் பாரு” என்று முனகியபடி பெரியவர் அடைப்பை வெட்டிவிட்டார். நான் டவுசரைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரப்போரம் நனையும்வரை நகரவில்லை.

சாயங்காலம் புதுச்சேரிக் கல்லூரியிலிருந்து வந்த சித்தப்பா, நடந்ததைக் கேட்டுவிட்டு “இன்ட்ரெபிட்!” என்றார். அர்த்தம் கேட்டேன். லத்தீனில் ‘ட்ரெபிடஸ்’ என்றால் பதறி நடுங்குகிறவன்; முன்னால் வரும் ‘இன்’ அதை இல்லையென்று ஆக்குகிறது; பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள்; ஆபத்துக்கு முன்னால் நடுங்காமல் நிற்பவர்களை அப்படிச் சொல்வது வழக்கம் என்றார்.

யாரைச் சொல்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மடையில் நின்றவன் நான். அக்காவாக இருக்க வழியில்லை. என் தோளில் வைத்திருந்த அவள் கை, தண்ணீர் வரும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்பாவின் நோய் அவளுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்று பயந்து, அவள் கண்ணைப் பார்க்கும்படி அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அடுத்த முறை வந்த அன்று காலை, தானே போவதாகச் சித்தப்பா சொன்னார்.

“வேணாம், நாங்களே போறோம்” என்று அக்கா மண்வெட்டியை எடுத்தாள்.

பாவம், நடுங்காத ஆள் ஒருவன் துணைக்கு இல்லாமல் அவளால் முடியாது என்று எண்ணிக்கொண்டு, நான் முன்னால் நடந்தேன்.