சத்தியநாதன் விற்ற பரலோகம்

என் அக்கா ஹெப்சியைக் கட்டியவர் சத்தியநாதன். முடிச்சூர் வட்டாரத்தில் முப்பது வருஷம் மனை புரோக்கர். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்றே, காபி ஆறுவதற்குள் எங்கள் அப்பாவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் அரை கிரவுண்டு ஒன்றைக் காட்டிவிட்டு வந்தவர். அப்பா மனையை வாங்கவில்லை, பெண்ணை மட்டும் கொடுத்தார். மனையையே வாங்கியிருக்கலாம் என்று அக்கா அவ்வப்போது சொல்வாள்.

எழுபத்திரண்டாவது வயதில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. குரோம்பேட்டை டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு மூன்று அடைப்பு, பைபாஸ் செய்யவேண்டும் என்று தேதியும் குறித்துவிட்டார். அதுவரை பரலோகம் என்பது மச்சானுக்குப் பக்கத்து ஜில்லா மாதிரி. உண்டு என்று தெரியும், போக வேலை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு எங்கள் சபைப் போதகர் வீட்டு வாசலில் நின்றார்.

"ஐயா, செத்த உடனே அங்க போயிடுவமா, இல்ல கடைசி நாள் வரைக்கும் மண்ணுக்குள்ள தூங்கணுமா?"

போதகர் இளைஞர், பொறுமைசாலி. ஆத்துமா உடனே கர்த்தருடைய சமுகத்துக்குப் போய்விடும், சரீரம் கடைசி நாளில் எழுந்திருக்கும் என்று நிதானமாக விளக்கினார்.

மச்சான் தலையாட்டினார். "அப்போ மொதல்ல குடிபோயிடலாம், ரிஜிஸ்ட்ரேஷன் அப்புறம்."

போதகர் மறுக்கலாமா என்று பார்த்தார். பிறகு, "ஏறக்குறைய" என்றார்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் ஏரியா ஜெபம் நடக்கும். வாரம் ஒரு வீடு. பாட்டு, வேத வாசிப்பு, யாராவது ஒருவர் எழுந்து தன் அனுபவத்தைச் சொல்கிற சாட்சி, கடைசியில் டீயும் கேசரியும். அந்த வாரம் கன்னியம்மா வீட்டில். கன்னியம்மா தையல்காரி. புருஷன் மாரி லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இருவரும் கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் எடுத்தவர்கள், பேரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. மாரி மஞ்சள் காமாலையில் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த வீட்டு மனையை 2009இல் அவர்களுக்கு முடித்துக் கொடுத்தது மச்சான்தான். பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

அன்று போதகர் பரலோகத்தைப் பற்றிய பகுதியை வாசித்தார். பொன் வீதி, பன்னிரண்டு வாசல், நகரத்து வீதியின் நடுவே ஓடுகிற பளிங்கு போன்ற ஆறு. வாசித்து முடித்து, ஆபரேஷனுக்குப் போகிறவராயிற்றே என்று மச்சானைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கூப்பிட்டிருக்கக் கூடாது.

மச்சான் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "சுத்தி காம்பவுண்டு சுவரு. பன்னெண்டு கேட்டு, எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் உள்ள போயிடலாம். ரோடு பூரா தங்கம், அதனால யாரும் கேபிள் போடறேன்னு தோண்ட மாட்டாங்க. கரண்டு கட் கெடையாது, ஏன்னா கரண்டே தேவையில்ல. எடம் தட்டுப்பாடு கெடையாது, வர்றவங்க எல்லாருக்கும் தனித்தனி வீடு. இதுக்கு மேல ஒரு மனுஷனுக்கு இன்னா வேணும்?"

போதகரே தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் போலத்தான் இருந்தது. அப்போது அடுப்படி வாசலில் நின்ற கன்னியம்மா கேட்டாள்.

"ஆறு தெரு நடுவுல போவுதுன்னு படிச்சாங்களே. தண்ணி வூட்டுக்குள்ள வராதாண்ணா?"

மச்சான் வலது கையைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டார். "சத்தியமா வராதும்மா. நானே நேர்ல பாத்துட்டு வந்துதான் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சுவர் எழும்பாத இதே மண்ணில் நின்று, இதே கையை இதே தலையில் வைத்து, இதே வார்த்தையை மாரியிடம் சொன்னவர் அவர். 2015 டிசம்பரில் தண்ணீர் ஜன்னலுக்கு மேலே நின்றது. கன்னியம்மா பிறகு வீட்டுக்கு வெள்ளையடித்தாள், ஆனால் ஹால் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும், தண்ணீர் நின்ற உயரத்தில் விழுந்த பழுப்புக் கோட்டை அழிக்காமல் விட்டிருந்தாள். கூடியிருந்த இருபது பேரும் அந்தக் கோட்டைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

போதகர் அவசரமாக ஒரு பாட்டைத் தொடங்கினார். கேசரி வந்தது. மச்சான் கேசரியைத் தொடவில்லை. அவருக்கு நிஜமாகவே உடம்பு சரியில்லை என்று அப்போதுதான் நான் நம்பினேன்.

அந்த ஞாயிறு ஆராதனையில், திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து முன்னால் போனபோது அவர் பெஞ்சை விட்டு அசையவில்லை. அக்கா முழங்கையால் இடித்துப் பார்த்தாள், பயனில்லை. யாருக்காவது குறை செய்திருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் திருவிருந்து எடுக்கவேண்டும் என்பார்கள். வெளியே வந்ததும் என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"பயமா இருக்கு மச்சான். அந்தப் பொண்ணு மனசுல நான் இப்படிக் கெடக்கற வரைக்கும் அங்க என்ன உள்ள விடுவாங்களா? அது ஏரித் தண்ணி போற வழின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

இதை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது. கையெழுத்துப் போட்டவன் நானும்தானே. ஆனால் பத்து நாளில் நெஞ்சைப் பிளக்கப்போகிற மனிதரிடம் என்னத்தைக் கோபித்துக்கொள்வது. போய் மன்னிப்புக் கேளுங்கள், அடுத்த ஞாயிறு திருவிருந்து எடுங்கள், புதன்கிழமை நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போங்கள் என்றேன்.

திங்கட்கிழமை ஆப்பிள் பையோடு போனோம். மன்னிப்புக் கேட்கப் போன மனிதர் வாசற்படியிலேயே தொடங்கிவிட்டார். கதவு நல்ல தேக்கு என்றார். கிழக்குப் பார்த்த வாசல் என்றார். காற்றோட்டம் பிரமாதம் என்றார். கன்னியம்மா தையல் மிஷினை நிறுத்தினாள்.

"வூட்ட விக்கிற மாதிரி இல்லண்ணா. இன்னா விஷயம், சொல்லு."

மச்சான் உட்கார்ந்தார். ஏரித் தண்ணீர் போகிற வழி என்று தெரிந்தே விற்றதைச் சொன்னார். குரல் நடுங்கியது. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

கன்னியம்மா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் சுவர்க்கோட்டைக் காட்டினாள்.

"மூணு நாளு மாடில கெடந்தேன். கட்டிலு போச்சு, மிஷினு போச்சு. அத்த வுடு, வாங்கிக்கலாம். பீரோல அவரு போட்டோ மொத்தமும் இருந்திச்சு. கல்யாண ஆல்பம் கூழா பூடுச்சு. ஓட்டுக் கார்டு கீர்டு எல்லாம் அதுலதான். எங்க தம்பி கல்யாண வீடியோல தேடுனேன், பந்தில குந்திகினு துன்றாரு, பின்மண்ட மட்டுந்தான் தெரியுது."

"அம்மா," என்றார் மச்சான்.

"தெனம் நெனச்சி நெனச்சிப் பாக்கறேண்ணா. இப்போல்லாம் மூக்கு வருது, கண்ணு வர மாட்டேங்குது. அங்க எல்லாரும் வெள்ள அங்கி போட்டுகினு நிப்பாங்கன்னு போதகரு சொல்றாரு. அவ்ளோ கும்பல்ல நான் யாரன்னு போய்த் தேடுவேன்?"

"மாரி உன்னக் கண்டுபுடிச்சிடுவான்மா."

"அவரா? தாம்பரம் மார்க்கெட்ல பக்கத்துல நின்னுகினே என்னத் தேடுவாரு." அவள் மறுபடி மிஷினை மிதித்தாள். "மன்னிக்கிறத அப்பால பாக்கலாம். நீ ஆப்பிள எடுத்துகினு போ, டாக்டரு உன்னதான் துன்னச் சொல்வாரு."

திரும்பும்போது நான் வண்டி ஓட்டினேன், அவர் ஆப்பிள் பையோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். முடிச்சூர் சாலையில் ஒரு டிபன் கடை எதிரே திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். வலிதான் வந்துவிட்டது என்று பதறி வண்டியை ஓரம் கட்டினேன்.

"ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாரி போட்டோ இருக்குய்யா."

மனை வாங்குகிறவர் போட்டோவும் விற்கிறவர் போட்டோவும் பத்திரத்தில் இருக்கும், பக்கத்தில் கைரேகை இருக்கும். கன்னியம்மாவின் பத்திரம் ஆல்பத்தோடு சேர்ந்து கூழாகியிருக்கலாம், ஆனால் ஆபீசில் பதிவு அப்படியே கிடக்கும், மனுப் போட்டால் நகல் கொடுப்பார்கள். முப்பது வருஷம் அந்த ஆபீஸ் படிக்கட்டைத் தேய்த்தவருக்கு இது நினைவுக்கு வர ஏன் இத்தனை நேரம் என்றுதான் கேட்க வேண்டும். பத்திர நம்பரை அந்த ரோட்டோரத்திலேயே சொன்னார். சொந்தப் பேரப்பிள்ளைகள் பெயரில் தடுமாறுகிற ஆள்.

மாடிப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாரம் மூன்று தடவை ஏறினார். அக்காவிடம் பென்ஷன் விஷயம் என்று நான் பொய் சொன்னேன். புரோக்கருக்கு ஏது பென்ஷன் என்று அவள் கேட்டாள், அதற்குள் நாங்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டோம்.

சனிக்கிழமை நகல் கைக்கு வந்தது. மாலையில் கன்னியம்மா வீட்டுக்குப் போய், மச்சான் ஒன்றும் பேசாமல் அந்தப் பக்கத்தைப் பிரித்து மிஷின்மேல் வைத்தார். தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிய படம். கறுப்படித்திருந்தது, மூக்கின்மேல் ஆபீஸ் முத்திரை விழுந்திருந்தது. கழுத்துவரை பட்டன் போட்ட சட்டையில் மாரி, கேமராவை முறைத்துக்கொண்டு.

கன்னியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ரொம்ப நேரம் நிமிரவில்லை. படத்தை விரலால் தொட்டாள், மூக்கிலிருந்து முத்திரையைத் துடைத்துவிடப் பார்க்கிற மாதிரி. பிறகு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

"மொறைக்கறாரு பாரு. போட்டோக்காரன் சிரிங்கன்னு சொல்லிருப்பான். இவரேதான்." ஒரு கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். "கண்ணு இப்டி சின்னதா இருக்குமில்ல. நான் பெருசா நெனச்சிகினு இருந்தேன்."

மச்சான் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். டீ போட்டுக் கொடுத்தாள், குடித்தோம். மன்னித்தேன் என்ற வார்த்தையை அவளும் சொல்லவில்லை, மச்சானும் கேட்கவில்லை. மறுநாள் திருவிருந்து என்ன ஆகுமோ என்று எனக்குத்தான் அடித்துக்கொண்டது. செருப்பு மாட்டும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

"ஆபரேசன் என்னிக்குண்ணா?"

"புதன்கெழம."

"நல்லபடியா முடிஞ்சிடும். அப்டி ஒருவேள நீ முன்னால பூட்டன்னு வையி, அங்க அவர பாப்ப இல்ல?"

மச்சான் ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். மச்சான் பரலோகத்துக்குள் போவார் என்பதை அவள் தெருமுனைக் கடையைச் சொல்வதுபோலச் சொல்லியிருந்தாள்.

"பாத்தா, வெள்ளம் வந்தத மட்டும் அவராண்ட சொல்லாத. அதுக்கு முன்னாலயே பூட்டாரு, அவருக்குத் தெரியாது. சாவற வரைக்கும் சத்தியநாதண்ணன் நல்ல எடமா பாத்துக் குடுத்தாருன்னு சொல்லிகினே இருந்தாரு. அப்டியே நெனச்சிகினு இருக்கட்டும்."

மச்சானுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அங்க பொய் சொல்ல முடியாதேம்மா."

"பொய்யி எதுக்கு? வூடு எப்டி கீதுன்னு கேட்டாருன்னா, சும்மா நில்லு. ஒண்ணும் பேசாத."

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது எனக்குக் கஷ்டம்மா," என்றார். "ஆனா சும்மா இருப்பேன்."