மூன்று நாளில் ஒன்பது வீடு: தர்ஷினிக்காகச் சென்னையில் இடம் தேடியது

போன மார்ச் மூன்றாவது வாரம் நானும் மனைவி ஜெயாவும் ஆறு வயது மகள் தர்ஷினியும் தூத்துக்குடியிலிருந்து சென்னைக்கு வீடு பார்க்கப் போனோம். தர்ஷினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் அறுவை சிகிச்சை செய்து கருவி வைத்தார்கள். காதுக்குப் பின்னால் ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான பொத்தான். கருவி வைத்துவிட்டால் பேச்சு தானாக வந்துவிடாது. எது என்ன சத்தம் என்பதிலிருந்து பழக்க வேண்டும். ஊரில் பழக்கிக்கொண்டிருந்த டீச்சர் கல்யாணமாகி வெளிநாடு போய்விட்டார். அதற்கப்புறம் மாதம் இரண்டு தடவை சென்னையில் ஒரு பேச்சுப் பயிற்சி மையத்துக்காக ரயிலேறினோம். இனி வாரம் மூன்று நாள் வந்தால்தான் சரிப்படும் என்று அங்கே சொன்னபோது வேறு வழி இருக்கவில்லை. நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை செய்கிறேன். சென்னை ஆபீசுக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்தது. சம்பளம் அதேதான்.

எந்த ஏரியா நல்லது என்று தேடினால் வீடியோ வந்து கொட்டுகிறது. நாற்பது ஐம்பது பார்த்திருப்பேன். எதிலும் எங்களுக்கு வேண்டியது இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தூத்துக்குடியிலிருந்து எழும்பூருக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர். காலை ஏழே முக்காலுக்கு இறங்கினோம். ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜ், ஒரு நாளைக்கு 1,400 ரூபாய். குளித்துவிட்டு நேராக ராயபுரம் போனோம், ஏனென்றால் என் ஆபீஸ் அங்கிருந்து நடக்கிற தூரம். முதல் இரண்டு வீடும் இருட்டு. மூன்றாவது எனக்குப் பிடித்தது. இரண்டு அறை, 14,000 வாடகை, ஒரு லட்சம் அட்வான்ஸ். மாடியில் நின்றால் கிரேன் தெரிந்தது, மீன் வாடையும் உப்புக் காற்றும் அடித்தன. பாதி ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கீழே கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, தர்ஷினி தலையிலிருந்து பொத்தானைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டாள். மாட்டிவிட்டால் திரும்பக் கழற்றினாள். இந்தக் கருவியில் எல்லாச் சத்தமும் ஒரே குவியலாகத்தான் வரும். லாரி சத்தத்துக்குள்ளிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க அவளுக்கு இன்னும் தெரியாது.

"உங்களுக்கு ஆபீஸ் பக்கம்தான், சரி. பிள்ளை நாள் பூராவும் இதக் கழத்தி வச்சிட்டு இருந்துச்சுன்னா, நாம எதுக்கு ஊர விட்டு வாறோம்?" என்றாள் ஜெயா.

போதாததற்கு, பயிற்சி மையம் இருக்கும் அடையாறுக்கு அங்கிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். ஒரு மணி பத்து நிமிடம்.

அதனால் இரண்டாம் நாள் முழுக்க அடையாறில் சுற்றினோம். நாலு வீடு பார்த்தோம். மூன்றின் வாடகையைக் கேட்டதும் படியிறங்கிவிட்டோம். நாலாவது மரநிழல் விழும் அமைதியான தெருவில், பயிற்சி மையத்திலிருந்து அறுநூறு மீட்டரில் இருந்தது. 24,000. என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அதற்கும் சரி என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தர்ஷினி காலி அறையில் தன் குரல் எதிரொலிப்பதைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஆ" என்று கத்துவதும் காத்திருப்பதும் மறுபடி கத்துவதுமாக இருந்தாள்.

கீழ்வீட்டிலிருந்து உரிமையாளர் அம்மா வந்தார். மெஷினைப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "குழந்தை எப்பவும் இப்படித்தான் சத்தம் போடுமா? எங்க வீட்டுக்காரருக்கு மதியம் தூங்கணும், அதான் கேக்கறேன்."

"பேசிப் பழகிட்டிருக்கா. கொஞ்ச நாளைக்குச் சத்தமாத்தான் இருக்கும்," என்றாள் ஜெயா.

"அப்போ வேற இடம் பாத்துக்கோங்கம்மா."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர் தூங்க வேண்டாமா? ஆனால் அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்த ஜெயா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். "மூணாவதுல போவோம்," என்றாள். நானும் எழவில்லை.

மூன்றாம் நாள் வேளச்சேரி. அங்கிருந்து பறக்கும் ரயில் கடற்கரை நிலையத்துக்கு ஐம்பது நிமிடம், டிக்கெட் பத்து ரூபாய். அங்கே இறங்கினால் துறைமுகம். அடையாறு ஆறேழு கிலோமீட்டர். புரோக்கர் காட்டிய வீடு தரைத்தளம், 16,000. சுவரில் இடுப்பு உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. பார்த்தேன். இருந்த அசதியில் அது ஏன் என்று யோசிக்கவில்லை. "மத்தியானத்துக்குள்ள டோக்கன் பணம் குடுத்துருங்க சார், இல்லன்னா போயிடும்," என்றார் புரோக்கர். பேசிவிட்டு வருகிறோம் என்று சொல்லி, தெருமுனை மளிகைக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்க நின்றோம். நாங்கள் பேசியது கடைக்காரர் காதில் விழுந்துவிட்டது.

"நீங்க எந்த ஊரு?"

"தூத்துக்குடி, அண்ணாச்சி."

"நமக்கு உடன்குடி. இங்கன கடை போட்டு இருவது வருசம் ஆச்சு. வீடு பாக்க வந்தியளோ?"

எந்த வீடு என்று சொன்னேன். அவர் சில்லறை கொடுப்பதை நிறுத்தினார்.

"அது வேண்டாம் தம்பி. பெருமழை வந்துட்டுன்னா அந்தத் தெருவுல இடுப்புக்குத் தண்ணி நிக்கும். போன தடவ அந்த வீட்டுக்காரங்க பீரோவயே தூக்கி வெளிய போட்டாவ. புரோக்கர் இதெல்லாம் சொல்லுவானா?" பிறகு தர்ஷினியின் மெஷினைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பாப்பாவுக்கு என்ன?"

ஜெயா சொன்னாள். இரைச்சல் இருக்கக் கூடாது, அவள் கத்தினால் யாரும் ஒன்றும் சொல்லக் கூடாது, இரண்டும் வேண்டும் என்றாள். மூன்று நாளில் எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாக நாங்களே சொல்லிக்கொண்டதில்லை.

அவர் இரண்டு தெரு தள்ளி, முட்டுச்சந்தில், ஒரு வீட்டைக் காட்டினார். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரே ஒரு படுக்கையறை. அடுப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. 15,500 வாடகை, 75,000 அட்வான்ஸ். கீழே குடியிருப்பது மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பம். அவர்கள் போடும் சத்தத்துக்கு எங்களை யாரும் கண்டுகொள்ளப் போவதில்லை. ஆனால் அறைக் கதவைச் சாத்தினால் வீடு அடங்கிவிடுகிறது.

ஜெயா அடுப்படியில் குழாயைத் திறந்தாள். தர்ஷினி படுக்கையறையில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தாள். நான் நடுவில் நின்றேன். "தண்ணி நல்லாத்தான் வருது," என்றாள் ஜெயா, என்னிடம், சாதாரணக் குரலில்.

உள்ளேயிருந்து தர்ஷினி சொன்னாள், "தண்ணி வேணும்."

அவளிடம் யாரும் பேசவில்லை. யார் வாயையும் அவள் பார்க்கவில்லை. எதிரே உட்கார்ந்து, முகத்தைத் தொட்டுத் திருப்பி, பத்துத் தடவை சொன்ன வார்த்தையைத்தான் இதுவரை அவள் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். வேறு இருவர் பேசிக்கொண்டதை, வேறு அறையிலிருந்து, கேட்டு எடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஜெயா குழாயை மூடவே இல்லை. தண்ணீர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அந்த வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாட்டிலைத் தர்ஷினியே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பத்து நிமிடத்தில் டோக்கன் கொடுத்தோம். ஜூன் முதல் வாரம் சாமான்களுடன் வந்துவிட்டோம். ஊரிலிருந்து லாரி வாடகை 24,000, ஏற்றி இறக்கிய கூலி தனி.

சென்னையில் வீடு தேடப் போகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். வீட்டை ஒருமுறை காலையிலும் ஒருமுறை மாலை ஆறு மணிக்கும் போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் பேசாமல் நின்று கேளுங்கள். புதுப் பெயின்ட் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். புரோக்கரிடம் கேட்பதற்கு முன் தெருமுனைக் கடையில் ஏதாவது வாங்குங்கள். இணையத்தில் போட்டிருக்கும் பயண நேரத்தை நம்பாமல் ஒருமுறை அந்தப் பஸ்ஸில் ஏறிப் போய்வாருங்கள்.

நான் இப்போது காலை ஏழே காலுக்குக் கிளம்பி, ரயிலும் நடையுமாகப் போய்வந்து, இரவு ஏழரைக்கு வீடு திரும்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாம் என்று வாராவாரம் பேசுகிறோம், தூங்கிவிடுகிறோம். யாருக்காக இந்த ஊருக்கு வருகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். அவர் வசதிப்படி இடத்தைப் பாருங்கள், மற்றவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். அந்த மற்றவர் நீங்களாக இருந்தால் நல்ல செருப்பு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.