கல்முனைக் கடற்கரையில் கூப்பிட்ட தண்ணீர் முறை

இறக்காமத்தில் எங்கள் வட்டையைப் போர்க் காலத்தில் விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அரசாங்கத்தார் வேலி போட்டிருந்தார்கள். ஆளில்லாத காணி என்பது அதிகாரிகளின் கதை. ஆள் இருக்கிறோம் என்று காட்டத்தான், மாரிப்போக அறுவடை முடிந்த ஒரு சனிக்கிழமை, கல்முனையில் நடந்த காணி உரிமைக் கலைவிழாவுக்குப் போனேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள்.

வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்வெளி. அதற்கு நான் விதானை. யாருக்கு எப்போது தண்ணீர் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் வேலை. அந்த வரிசை இன்னும் அப்படியே மனதில் இருக்கிறது.

கல்முனைக்கு இருபத்தைந்து கிலோமீற்றர் அளவில் வரும். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். சம்மாந்துறையில் பஸ் மாற வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து நூற்றிருபது ரூபாய். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு ஆட்டோ இருநூறு.

“விழாவுக்கா மூத்தப்பா? பொல்லடி ஆடப் போறீங்களோ?” என்று கேட்டார் ஆட்டோக்காரர்.

“இல்ல மகன், வயல்காரரக் கூப்பிடப் போறன்.”

“கடக்கரையில மீன்காரரத்தானே கூப்பிடுவாங்க!”

மணலில் பந்தல் போட்டு, வேலியடைத்த வயல்களின் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். விழாவை நடத்தும் நஸீரா என்னைக் கண்டதும் ஓடி வந்தார்.

“மாமா, பேச்சுக்கு அனுமதி இல்லையாம். ஆட்டம் பாட்டு மட்டுந்தானாம்.”

“நான் பேசல்ல பிள்ள. முறைதான் கூப்பிடப் போறன்.”

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பொல்லடிக் கம்பாட்டம் தொடங்கியது. கம்புத் தட்டு மெதுவானதும் நான் எழும்பி, வாய்க்கால் தலைப்பில் உள்ள வயலிலிருந்து வரிசையாகப் பெயர் கூப்பிட்டேன்.

“இஸ்மாலெவ்வை!”

“ஓம், இரிக்கன்!”

“கந்தப்போடி!”

சவளக்கடையில் வாழ்க்கைப்பட்ட அவருடைய மகள் எழும்பினாள். “அப்பா இல்ல. நான் இரிக்கன்.”

“மீராலெவ்வை!”

பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். கம்புத் தட்டு மட்டும் கேட்டது. முன்வரிசையில் இருந்த காணி அதிகாரி கைபேசியில் ஏதோ குறித்துக்கொண்டார். நான் அடுத்த பெயருக்குப் போனேன்.

கடைசி வயல் ஆதம்பாவாவுடையது. “ஓம்! இங்கயும் என்னக் கடைசியாத்தான் கூப்பிடுறீங்க, விதானை!” சனம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் போகும்போது நஸீராவிடம், “அந்த ஒரு துண்டுக்கு ஆள் இல்லத்தானே?” என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

விழாவால் காணி திரும்பும் என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறவர்கள் இருக்கிறோம் என்று பத்துப் பேர் முன்னால் சொன்னோம், அவ்வளவுதான்.

அடுத்த அறுவடைக்குப் பிறகும் விழா உண்டாம். போகிறவர்கள் தொப்பி கொண்டு போங்கள், வெயில் சுடும். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு சம்மாந்துறையில் மாற்று பஸ் கிடைப்பது நிச்சயமில்லை.

மீராலெவ்வையின் பிள்ளைகள் புத்தளம் பக்கம் போனதாகக் கேள்வி. அவர்களைத் தெரிந்தவர்கள் இதை வாசித்துக் காட்டுங்கள். மூன்று தரம் கூப்பிட்டும் ஆள் வராவிட்டால் முறை கைமாறிவிடும் என்பது எங்கள் வட்டை வழக்கம். நான் இரண்டு தரம்தான் கூப்பிட்டிருக்கிறேன்.